மறுபாதி சொல்ல ஒரு தெரு

கதவைத் திறந்தால் வாசலில் மாதா.

ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு கூட்டம் நனைந்த குடைகளை மடக்கிக்கொண்டு நிற்கிறது. முன்னால் இரண்டு பேர் சின்னப் பலகை ஒன்றில் மாதா சுரூபத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். தூறலுக்காக மாதாவின் தலைக்கு மேல் யாரோ ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தார்கள். நீல அங்கியின் ஓரத்தில் ஒரு சாமந்திப் பூ ஒட்டிக்கொண்டிருந்தது. பாடிக்கொண்டு வந்தவர்கள் பாட்டை அப்படியே பாதியில் விட்டார்கள். என் முகம் அந்த லட்சணத்தில் இருந்திருக்க வேண்டும்.

என் கையில் குழையப் பிசைந்த ரசம் சாதம். உள் அறையில் என் கணவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தவள், கிண்ணத்தோடு எழுந்து வந்திருந்தேன்.

"இங்க எதுக்கு வந்தீங்க? இந்த வருஷம் எங்க வீட்டுக்கு வேணாம்னு அப்பவே சொல்லிட்டேனே" என்றேன்.

பின்னாலிருந்து, மெழுகுவர்த்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு ரெஜினா அக்கா முன்னே வந்தார். எங்கள் தெரு செபக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. என்னைப் பார்த்தார், கதவு எண்ணைப் பார்த்தார், வாயில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ பிலோமி! இங்க எப்பிடி வந்தோம்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சில வாரங்களாக இந்தப் பத்தியில் ஆஸ்பத்திரிக் கதைகளாகவே எழுதிவந்தேன். நர்ஸ் உத்தியோகம் பார்த்தவளுக்கு அது சுலபம், எல்லாம் அடுத்தவர் வீட்டு நோவு. இது என் வீட்டுக் கதை.

பாதி இங்கே, பாதி அங்கே

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் இருக்கும் கத்தோலிக்க வீடுகளைச் சேர்த்து ஒரு அன்பியம் என்பார்கள். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபிப்பார்கள். அக்டோபர் வந்தால் தினமும் செபமாலை. மாதா சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் தங்கும். சாயங்காலம் எல்லோரும் அந்த வீட்டில் செபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போவார்கள். அந்த வீட்டுக்காரர்கள் கோலம் போட்டு, சுண்டல் தாளித்து, வாசலில் காத்திருப்பார்கள்.

செபமாலையில் பெரும்பகுதி 'அருள் நிறைந்த மரியே' என்ற ஒரே செபம்தான், மாலையில் ஒரு மணிக்கு ஒன்றாக, பத்துப் பத்து மணிகளாகத் திரும்பத் திரும்ப. அதில் ஒரு விசேஷம். ஒருவர் முதல் பாதியைச் சொல்வார். மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள். முழுதையும் ஒரே ஆள் சொல்வது வழக்கமில்லை.

எங்கள் வீட்டில் முதல் பாதி எப்போதும் அவருடையது. கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னறையில் நின்று ஆரம்பிப்பார், நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே முடித்துவைப்பேன். நாங்கள் சண்டை போட்ட நாட்களிலும் அது நின்றதில்லை. அன்றைக்கு என் பாதி கொஞ்சம் சத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

காலாப்பட்டு கண்டக்டர்

என் கணவர் சவரிநாதன் காலாப்பட்டு தடத்தில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கடைசிப் படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு அவர் "காலாப்பட்டு காலாப்பட்டு காலாப்பட்டு" என்று கூவினால் சந்துக்குள் நடந்துகொண்டிருப்பவர்கூட ஓடிவருவார். அப்படி ஒரு குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் அன்பியத்திலும் செபமாலையை அவரே நடத்துவார். வேகமென்றால் வேகம். நாங்கள் மறுபாதியை முடிப்பதற்குள் அடுத்ததை ஆரம்பித்துவிடுவார்.

"ஏன் சவரி, அடுத்த ஸ்டாப்பிங்ல ஆளு நிக்குதா?" என்று ரெஜினா அக்கா கிண்டல் செய்வார்.

"மாதாவுக்கு நெறைய வேல இருக்குக்கா. நாம லேட் பண்ணக் கூடாது" என்பார் இவர்.

அந்த வருஷத் தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடி முன்னால் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலக்கையும் வலக்காலும் போனது போக, பேச்சும் போய்விட்டது. புரியும், ஆனால் சொல் வராது. அத்தனை சொற்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியது: "ரைட்." தண்ணீர் வேண்டுமென்றாலும் ரைட், முதுகு அரித்தாலும் ரைட், கோபம் வந்தாலும் ரைட். பஸ்ஸைத் தட்டிக் கிளப்பிய சொல் வேறு எதற்கும் உதவாமல் வாயில் சிக்கிக்கொண்டது.

இந்த மாதிரி நோயாளிகளை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவருக்குப் பேச்சு சுத்தமாக இல்லை, ஆனால் ஊசி போடும்போது மட்டும் கெட்ட வார்த்தை மணிமணியாக வரும். நாங்களெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே ஓடுவோம். என் வீட்டுக்கே அது வந்தபோது சிரிப்பு வரவில்லை.

ஆரம்பத்தில் எல்லோரும் பார்க்க வந்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், "கர்த்தர் கைவிட மாட்டார்". ஒருவர் இவருக்குக் காதும் போய்விட்டதென்று நினைத்துக்கொண்டு, முகத்துக்குக் கிட்டே வந்து, "சவரீ, நான் யாருன்னு தெரியுதா?" என்று கத்தினார். இவர் அவரைப் பார்த்தார். வாய் கோணியது. "ரைட்" என்றார். பிறகு கண்ணில் நீர் வழிய, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து வெளியாள் சத்தம் கேட்டால் இடக்கையை வீசுவார், கதவைச் சாத்து என்று. கோயிலுக்குச் சக்கர நாற்காலியில் போகலாமா என்று கேட்டால் அதே வீச்சு. பாரீஸிலிருந்து மகள் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினாள். "மம்மான், பூசையெல்லாம் லைவ்ல வருது. பாப்பா படுத்துக்கிட்டே பாக்கட்டும்" என்றாள். பிரெஞ்சு முறையில் அவளுக்கு நான் மம்மான், அப்பா பாப்பா. ஞாயிறுதோறும் வைத்தேன். அவர் அதையும் பார்க்காமல் சுவரைத்தான் பார்த்தார். செபமாலை ஆரம்பிக்க வீட்டில் ஆளில்லாமல் போனது. நானும் ஆரம்பிக்கவில்லை. அது அவருடைய பாதி.

மாதங்கள் போகப் போகச் சோறு இறங்குவது குறைந்தது. மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தார். நர்ஸுக்கு இதைப் படித்துச் சொல்ல டாக்டர் வேண்டாம். வாதம் அவரைக் கொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது கொன்றுகொண்டிருந்தது. இந்த மனிதர் என் கண் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

மொட்டைமாடியில் அப்பா

அவரைக் கட்டாயப்படுத்திக் கோயிலுக்குத் தூக்கிப்போக நான் முயற்சி செய்யவில்லை. காரணம் உண்டு. கூடிச் செபிப்பது என்றாலே எனக்கு அந்தக் காலத்திலிருந்து ஒவ்வாமை.

நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் கோயிலில் யார் நடுவில் உட்காருவது, யார் பக்கவாட்டில் உட்காருவது என்று ஒரு கணக்கு இருந்தது. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். சாதி என்ற சொல்லைக் கோயிலுக்குள் யாரும் உச்சரிக்க மாட்டார்கள், அவ்வளவு பக்தி! ஒரு பாஸ்கா திருநாளில், அதாவது ஈஸ்டரில், பக்கவாட்டில் நிற்கக்கூட இடமில்லை. அப்பாவுக்குக் காலில் கட்டு. நடுப்பகுதியில் காலியாக இருந்த ஓரத்தில் எங்களையும் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தட்டி, "அந்தாண்ட போ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்பா எழுந்தார். அந்தாண்ட போகவில்லை, வெளியே போனார். பூசை பாதியில் எங்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். "சாமி நம்ம வூட்லயும்தான் இருக்காரு" என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் மொட்டைமாடியில் தனியாகத்தான் செபமாலை சொன்னார். கோயில் சாமியார்கள் வந்து கூப்பிட்டும் போகவில்லை.

நான் அப்பா கட்சி. கிறிஸ்துமஸ், கல்யாணம், சாவு. இவற்றுக்கு மட்டும் கோயில். "வீட்ல பண்ணா சாமிக்குக் காது கேக்காதா?" என்று என் கணவரிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "சாமிக்குக் கேக்கும், எனக்குப் பத்தல" என்பார். அது என்ன பதில் என்று எரிச்சலாக இருக்கும்.

கால் பழக்கம்

இப்போது வாசலுக்கு வருகிறேன். மாதா காத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வருஷம் எங்கள் வீடு வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டதால், கோடி வீட்டிலிருந்து எங்களைத் தாண்டி வேறொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் பேச்சு. ஆனால் வருஷா வருஷம் கோடி வீட்டிலிருந்து மாதா வருவது எங்கள் வீட்டுக்குத்தான். தூக்கியவர்கள் மழைக்குத் தலையைக் குனிந்துகொண்டு பாடியபடியே நடந்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் போனவர்களின் குதிகாலைப் பார்த்து நடந்திருக்கிறார்கள். ரெஜினா அக்கா மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். கால்கள் தமக்குத் தெரிந்த படியில் ஏறி நின்றுவிட்டன.

"தப்பு எங்க மேலதான் பிலோமி. இதோ போயிடறோம்" என்றார் ரெஜினா அக்கா.

ஆனால் யாரும் அசையவில்லை. பலகையைத் தூக்கியிருந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாசலுக்கு வந்த மாதாவைச் செபம் சொல்லாமல் திருப்பிக்கொண்டு போனதாக எங்கள் தெருவில் சரித்திரமே இல்லை. எப்படித் திரும்புவது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலை சத்தம் கேட்டு வெளியே வந்தாள். குருசுக்குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், மார்க்கெட்டில் மீன் விற்பவள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம், ஆனால் மாதா வந்தால் முதல் பூ அவளுடையதுதான்.

"இன்னாக்கா நீ! தேடிக்கினு வந்த தெய்வத்த வாசல்லயே நிக்க வெச்சி நாயம் பேசுற. உனுக்கே நல்லாருக்கா?"

"ஒரே ஒரு பத்து மணி சொல்லிட்டுப் போயிடணும். அவரு ரூம் கதவு சாத்திருக்கு. யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. எப்பிடி இருக்காருன்னு யாரும் கேக்கக் கூடாது" என்று வார்டில் பார்வையாளர்களுக்குச் சொல்வதுபோலச் சட்டம் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன்.

உள்ளே வந்தார்கள். ஈரச்சேலை வாசமும் மெழுகு வாசமும் வீட்டை நிறைத்தன. டிவி ஸ்டாண்டில் மாதாவை வைத்தார்கள். தரையில் நெருக்கியடித்து முழங்கால் போட்டார்கள். அஞ்சலை கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கதவுக்குப் பின்னால்

ரெஜினா அக்கா ஆரம்பித்தார். கூட்டம் மறுபாதியைச் சொன்னது. நான் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது எப்போது முடியும் என்று நின்றிருந்தேன்.

நாலைந்து மணிகள் உருண்டிருக்கும். அஞ்சலை என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா... அண்ணன்."

எனக்கு முதலில் கேட்கவில்லை. கூட்டம் 'ஆமென்' சொல்லி ஓய்ந்த இடைவெளியில் கேட்டது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். குழறிய, இழுபட்ட குரல். ஆனால் அது 'ரைட்' இல்லை. 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்று செபத்தின் மறுபாதி, சிறுவயதில் படித்த பழைய வாசகத்தில், எல்லோரும் முடித்த பிறகும் நடுவழியில் வந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் கோயிலில் அப்படிச் சொல்வதில்லை, புதிய சொற்கள் வந்துவிட்டன. அவர் நாக்கு பழையதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

எத்தனை மாதம்! ஒரு சொல்லுக்கு எத்தனை மாதம் ஏங்கியிருப்பேன்!

ரெஜினா அக்கா அடுத்ததை ஆரம்பித்திருக்க வேண்டும். ஆரம்பிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மணியை விரலில் பிடித்தபடி காத்திருந்தார். யாரும் திரும்பிக் கதவைப் பார்க்கவில்லை. நான் போட்ட சட்டத்தைக் காப்பாற்றினார்கள். உள்ளேயிருந்து 'ஆமென்' வந்த பிறகுதான் அடுத்த மணி நகர்ந்தது.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் திட்டமிடவில்லை, சத்தியமாக. கூட்டம் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தது. ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போனது. முதலில் ஒரு வயதானவர் பழைய வாசகத்துக்கு மாறினார், பிறகு இன்னொருவர், பிறகு வீடு முழுக்க. பழையது தெரியாத சின்னவர்கள் முனகிக்கொண்டே பின்னால் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எது அவர் குரல், எது தெருவின் குரல் என்று பிரிக்க முடியவில்லை.

ஒரு பத்து மணி முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருங்கள் என்று நானும் சொல்லவில்லை. செபமாலை முழுவதும் சொன்னார்கள்.

இடையில் நான் கதவைத் திறந்தேன். கட்டிலில் எழுந்து, கால்களைத் தொங்கவிட்டு, கட்டில் கம்பியை இடக்கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்து இல்லை, கதவைப் பார்த்து. மேல் சட்டை இல்லை, தாடையில் ரசம். ஓடிப்போய்த் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். இடக்கையை வீசினார். இந்த முறை அந்த வீச்சுக்கு அர்த்தம் வேறு. திறந்தே இருக்கட்டும்.

முடிந்ததும் ரெஜினா அக்கா எழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கதவருகில் வந்து நின்றார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"இன்னா கண்டக்டரே, எக்ஸ்பிரஸ் ஓட்டுன ஆளு இப்ப ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் நிறுத்துறியே!"

பாதி வாயால் சிரித்தார். தவக்காலத்துக்குப் பிறகு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். நான் சமையலறைக்குள் போய் நன்றாக அழுதேன்.

பெட்டி காத்திருக்காது

அடுத்த நாள் காலையிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக முதல் பாதியை நான் சொன்னேன். என் வாயையே பார்த்தார். உதடு அசைந்தது. "ரைட்" என்றார். டேப்லெட்டில் செபமாலை வைத்தேன். அதில் பெரிய கூட்டம் கணீரென்று பதில் சொன்னது. இவர் ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் அது அடுத்ததற்கு ஓடியது. துரத்திப் பார்த்தார், விட்டுவிட்டார்.

டாக்டரிடம் சொன்னேன். "பழகின செபம், பாட்டெல்லாம் மூளைல தனியா இருக்கும் சிஸ்டர். கூட நாலு பேர் சொன்னா வரும், தனியா வராது. ஆனா பேச்சு திரும்பிடும்னு நெனைச்சுக்காதீங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். பேச்சு திரும்பவில்லை, இன்றுவரை. அதிசயம் என்று எழுதச் சொல்லி என் மகள் கேட்டாள். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஒரு மனிதர் பின்தங்கினார், மற்றவர்கள் நின்றார்கள். டேப்லெட் பெட்டி நிற்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அந்த வித்தியாசம் என்னைத் தூங்கவிடவில்லை. அப்பாவின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து அவர் செபமாலை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முதல் பாதியைச் சொல்வார். பிறகு ஒரு மூச்சு அளவுக்கு நிறுத்துவார். யாரும் பதில் சொல்லாததால் மறுபாதியையும் அவரே சொல்வார். அடுத்த மணியிலும் அதே மாதிரி நிறுத்துவார். மூச்சு வாங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் மூச்சு வாங்கவில்லை. கோயிலை விட்டு வந்து அத்தனை வருஷமான பிறகும் பதில் சொல்பவர்களின் இடத்தை அவர் காலியாகவே வைத்திருந்தார்.

தோளைத் தட்டி "அந்தாண்ட போ" என்றவர்கள் மேல் எனக்கிருந்த கோபம் தீர்ந்துவிட்டதா? இல்லை. இன்னும் கூடிவிட்டது. அவர்கள் அப்பாவிடமிருந்து பிடுங்கியது உட்காரும் இடத்தை மட்டும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தது. கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா வேணும்?"

"ரைட்."

"சட்டையா?"

கண்ணை மூடித் திறந்தார். வெள்ளைச் சட்டையை எடுத்தேன். வலக்கையை முதலில் நுழைத்து, பிறகு இடக்கை. பொத்தான் போடும்போது பார்த்தேன், காலர் தொளதொளவென்று நின்றது, அவ்வளவு இளைத்திருந்தார்.

"நெறைய பேரு இருப்பாங்க. பாப்பாங்க. பரவால்லியா?"

மறுபடி கண்ணை மூடித் திறந்தார். நானும் புடவை மாற்றிக்கொண்டேன். ரெஜினா அக்காவுக்குப் போன் போட்டேன். "வரோம். ஆனா ஓரத்துல ஒக்கார மாட்டோம். நடுவுலதான் ஒக்காருவோம்" என்றேன்.

"நடுவுல ரெண்டு எடம் பிடிச்சி வெக்கறேன், வா" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

அஞ்சலை ஆட்டோவைக் கூட்டிவந்தாள். அவளும் நானும் டிரைவருமாகத் தாங்கிப்பிடித்து அவரை ஏற்றினோம். நான் பக்கத்தில் ஏறி, அவர் சரியாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் முன்னால் ஏறி, நாங்கள் சரியாக உட்காரட்டும் என்று காத்திருந்தார்.

என் கணவர் இடக்கையைத் தூக்கினார். ஆட்டோவின் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்!"

டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"போ தம்பி, கண்டக்டர் சொல்லிட்டாரு" என்றேன்.